தம்பி மேல் 420: ஒப்புக்கொண்டால் எவ்வளவு கிடைக்கும்?

செந்தூல்_அக்கா
வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. சொந்தக்காரர்களிடம் கேட்க முடியாத விஷயம், அதனால்தான் இங்கே வந்தேன்.

என் தம்பிக்கு 27 வயது. கோலாலம்பூரில் ஒரு கடன் ஏஜென்சியில் வேலை என்று சொன்னான், நாங்களும் நம்பினோம். பேங்கில் கடன் கிடைக்காதவர்களுக்கு வாங்கித் தருவதாகச் சொல்லி புரோசஸிங், இன்சூரன்ஸ், லாயர் ஸ்டாம்ப் என்று முன்பணம் கறப்பார்கள். கடன் மட்டும் ஒருநாளும் வராது. இப்போது முதலாளியைக் காணோம். பணம் விழுந்தது தம்பி கணக்கில், வாட்ஸ்அப்பில் பேசியதும் அவன்தான்.

மூன்று பேர் புகார் கொடுத்திருக்கிறார்கள். 6,200, 4,900, 7,500, ஆக மொத்தம் 18,600 வெள்ளி (ரிங்கிட்). மூன்று குற்றச்சாட்டும் தண்டனைச் சட்டம் 420, அதாவது ஏமாற்றிப் பணம் வாங்கியது. ஜாலான் டூத்தாவில் மாஜிஸ்திரேட் கோர்ட்டு. ஜாமீனில் இருக்கிறான். அடுத்த மாதம் கேஸ்.

ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்கிறான். அம்மா வளையலை எடுத்துத் துணியில் முடிந்து வைத்துவிட்டார், அடகுக்கடைக்குப் போகத் தயாராக. ஜெயில் நிச்சயமா? பிரம்படி உண்டா? பணத்தைக் கட்டினால் குறையுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காப்பி_ஓ
ஜெயில் நிச்சயம் அக்கா. 420இல் வெறும் அபராதத்தோடு விட வழியில்லை. குறைந்தது 1 வருடம், கூடினால் 10. பிரம்படியும் அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. கோர்ட்டு விருப்பத்துக்கு விட்டிருப்பது அபராதம் ஒன்றைத்தான். மன்னிக்கவும், சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது.

பிரிக்பீல்ட்ஸ்_குமாஸ்தா
லாயர் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறேன், லாயர் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மேலே சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாஜிஸ்திரேட் கொடுக்கக்கூடிய சிறைத்தண்டனை பொதுவாக 5 வருடத்தைத் தாண்டாது, பிரம்படி 12ஐத் தாண்டாது. 10 வருடம் என்று காகிதத்தில் இருப்பதைப் பார்த்து அம்மா பயப்பட வேண்டாம். கேஸ் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போயிருந்தால்தான் அந்த 10 முழுவதும் மேசைக்கு வரும். தொகை, ஆள் எண்ணிக்கை, கும்பலா தனி ஆளா என்பதைப் பார்த்துத்தான் எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது என்று முடிவு செய்வார்கள். உங்கள் தம்பி கீழே நிற்கிறார். அது சின்ன நல்ல செய்தி.

பணத்தைக் கட்டினால் குறையுமா என்றால், குறையும். எவ்வளவு என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் அம்மா வளையலை விற்றுப் பணத்தை எடுத்துக்கொண்டு நேராகப் புகார்தாரர் வீட்டுக் கதவைத் தட்டிவிடாதீர்கள். சாட்சியை மடக்க வந்தார்கள் என்று அதுவே இன்னொரு வம்பாகும். லாயர் மூலமாக டிபிபிக்கு (அரசு வழக்கறிஞருக்கு)த் தெரிவித்து, பேங்க் டிராஃப்டில் கொடுத்து, ஐசி (அடையாள அட்டை) எண்ணோடு கையெழுத்து வாங்குங்கள். அந்த ரசீதுதான் கோர்ட்டில் பேசும், அம்மாவின் கண்ணீர் பேசாது.

லாயருக்குப் பணமில்லை என்றால் ஒய்பிஜிகே இருக்கிறது, தேசியச் சட்ட உதவி அறநிறுவனம். வருமானம் குறைந்தவர்களுக்குக் கிரிமினல் வழக்கில் ஆள் கொடுப்பார்கள். இன்றே போய்க் கேளுங்கள்.

பழைய_துபாஷி
குமாஸ்தா தம்பி சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் அந்த அறைக்குள் நடப்பதைச் சொல்கிறேன். கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோர்ட்டெல்லாம் சுல்தான் அப்துல் சமட் கட்டடப் பக்கம் இருந்த காலத்தில் வேலையில் சேர்ந்து, 2007இல் ஜாலான் டூத்தாவுக்கு மாறியபோது மூட்டை கட்டிக்கொண்டு கூடவே போனவன்.

உங்கள் தம்பி கூண்டுக்குள் நிற்பார். குற்றச்சாட்டை மலாயில் படிப்பார்கள், பிறகு துபாஷி தமிழில் சொல்வார். புரிகிறதா? புரிகிறது. ஒப்புக்கொள்கிறாயா? ஒப்புக்கொள்கிறேன். அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். முடியாது. அடுத்து ஒரு கேள்வி வரும்: ஒப்புக்கொண்டால் என்ன ஆகும், விளைவு என்ன, விசாரணை இல்லாமலே தண்டனை வரும் என்பது தெரியுமா? அதற்கும் ஆம் என்ற பிறகு டிபிபி வழக்கின் சம்பவ அறிக்கையைப் படிப்பார். எந்தத் தேதியில் என்ன மெசேஜ், எந்தக் கணக்கில் எவ்வளவு, கடனே கிடையாது என்பது, எல்லாம் அதில் இருக்கும். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் குற்றவாளி என்று பதிவாகும்.

பல பேர் விழுவது அடுத்த கட்டத்தில். தண்டனையைக் குறைக்கச் சொல்லிப் பேசும் நேரம், மிட்டிகேஷன். லாயர் இல்லாமல் நின்ற ஒரு பையன் என் கண் முன்னாலேயே சொன்னான், "புவான், எனக்கு இது மோசடி என்றே தெரியாது, முதலாளி கடன் கொடுப்பார் என்றுதான் நினைத்தேன்." நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தெரியாது என்றால் ஏமாற்றும் எண்ணம் இல்லை, எண்ணம் இல்லை என்றால் 420 இல்லை. ஒப்புதலைத் தள்ளிவிட்டு விசாரணைக்குத் தேதி போட்டார்கள். அவன் இரக்கத்துக்காகச் சொன்ன பொய், இருந்த ஒரே சலுகையையும் தின்றுவிட்டது.

உங்கள் தம்பிக்கு உண்மையிலேயே தெரியாது என்றால் ஒப்புக்கொள்ளவே கூடாது, விசாரணை கேட்கட்டும். தெரியும் என்றால் தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம். இரண்டு தோணியில் கால் வைக்க முடியாது, அம்மா.

செந்தூல்_அக்கா
ஐயா, இதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி அவனிடம் நேராகக் கேட்டேன். இரண்டாவது ஆள் பணம் போட்ட அன்றே தெரிந்துவிட்டது என்றான். அப்புறமும் மூன்றாவது ஆளிடம் 7,500 வாங்கியிருக்கிறான். நான் எதுவும் பேசவில்லை.

ரொட்டி_வேன்
மூன்றாவது ஆளிடம் அப்புறமும் வாங்கினான். சரி.

நான் பட்டர்வொர்த். வேனில் ரொட்டி போடுகிறவன். இரண்டு வருடம் முன்னால் கியர்பாக்ஸ் போய்விட்டது. பேங்க் தரவில்லை. பேஸ்புக்கில் பார்த்த ஒருவன், உங்கள் தம்பி மாதிரிதான், நல்ல தமிழ், அண்ணே அண்ணே என்று பேசுவான். முதலில் 350 புரோசஸிங். பிறகு 1,200 இன்சூரன்ஸ். பிறகு பெயர் தப்பாக ஏறிவிட்டது, திருத்த 900. கடைசியில் லாயர் ஸ்டாம்ப் 2,000. ஒவ்வொரு தடவையும் இதோடு முடிந்தது அண்ணே, நாளைக்கு உங்கள் கணக்கில் விழும் என்பான். 4,450 வெள்ளி போனது. பெண்டாட்டியிடம் இன்றுவரை 1,500 என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

பிடிபட்டது யார் தெரியுமா? பேங்க் கார்டை 500 வெள்ளிக்கு எவனுக்கோ கொடுத்த ஒரு பையன். என்னோடு பேசியவன் இன்னும் வெளியில்தான் இருக்கிறான். கார்டு கொடுத்தவனுக்கு அபராதம் போட்டார்கள், அவன் அப்பா கட்டினார், போய்விட்டான். எனக்கு ஒரு காசு வரவில்லை. கேஸ் முடிந்ததே எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும், நானாகப் போன் போட்டதால்.

அக்கா, உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் இங்கே எல்லோரும் எவ்வளவு குறையும், எவ்வளவு குறையும் என்று கணக்குப் போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

செந்தூல்_அக்கா
அண்ணே, எரியட்டும். உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை, அவன் கேட்க வேண்டியது.

பிரிக்பீல்ட்ஸ்_குமாஸ்தா
ரொட்டி வேன் அண்ணே, உங்களுக்கு யாரும் சொல்லாமல் விட்ட இரண்டு விஷயத்தைச் சொல்கிறேன். கேஸ் முடிந்துவிட்டதே என்று கோபப்படாதீர்கள், படிக்கிற மற்றவர்களுக்காவது ஆகும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 183ஏ என்று ஒரு பிரிவு. தண்டனை அறிவிக்கும் முன், பாதிக்கப்பட்டவரோ அவர் குடும்பமோ கேட்டுக்கொண்டால் கோர்ட்டு அவரைப் பேச விட வேண்டும். இதனால் எனக்கு என்ன ஆனது என்று நேரில் சொல்லலாம், வர முடியாவிட்டால் எழுதியும் கொடுக்கலாம். இரண்டாவது, 426. டிபிபி விண்ணப்பித்தால் குற்றவாளி நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவு போடும். கவனியுங்கள், இரண்டிலும் 'கேட்டால்' என்று இருக்கிறது. கேட்காதவர்களைத் தேடி வந்து யாரும் கூப்பிடுவதில்லை. ஐஓவிடமோ (விசாரணை அதிகாரி) டிபிபியிடமோ முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

கார்டு கொடுத்தவன் விஷயம்: அப்போது அந்த மாதிரி ஆட்களை எந்தப் பிரிவில் போடுவது என்பதே ஒரு தலைவலி. 2024இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, கணக்கை இரவல் கொடுப்பதைத் தனிக் குற்றமாகவே ஆக்கிவிட்டார்கள்.

காப்பி_ஓ
சின்ன ஆளுக்கு ஜெயில், பெரிய ஆளுக்கு? எஸ்ஆர்சி என்ற அரசாங்கக் கம்பெனிக்கு, அரசு ஊழியர் ஓய்வு நிதியான கேவாப்பில் இருந்து 400 கோடி வெள்ளி கடன் போனது. அந்த வழக்கில் முன்னாள் பிரதமர் நஜிப்புக்கு 12 வருடம் கொடுத்தார்கள், அப்புறம் 2024இல் பாதி ஆனது, 21 கோடி அபராதம் 5 கோடி ஆனது. ரொட்டி வேன் அண்ணனிடம் கேளுங்கள் நியாயத்தை.

பழைய_துபாஷி
காப்பி தம்பி, அதைக் குறைத்தது கோர்ட்டு இல்லை, மன்னிப்பு வாரியம். ஹை கோர்ட்டில் இருந்து பெடரல் கோர்ட்டு வரை தண்டனை அப்படியேதான் நின்றது. கோபம் நியாயம்தான், விலாசம்தான் தப்பு.

மாடரேட்டர்
அரசியலுக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே 420 மட்டும்.

கடன்_பிரிவு_11வருஷம்
பேங்கில் கடன் பிரிவில் வேலை பார்த்தவள். பேங்கை ஏமாற்றுவது என்று இன்னொரு வகை இருக்கிறது, அதையும் இங்கே போட்டு வைக்கிறேன்.

சம்பளச் சீட்டை 2,800இல் இருந்து 5,200 ஆக்குவது, கேடபிள்யூஎஸ்பி (ஊழியர் சேமநிதி) அறிக்கையைத் திருத்துவது, இல்லாத கம்பெனியின் பெயரில் வேலைக் கடிதம். வீட்டுக் கடனில் விலையை ஏற்றிப் போட்டு மிச்சத்தைக் கையில் வாங்குவது. 'கம்ப்ரெஸ்' என்று ஒரு கலை வேறு உண்டு: ஒரே நேரத்தில் நாலு பேங்கில் விண்ணப்பம் போடுவார்கள், பேங்குகள் பார்க்கும் கடன் பதிவேடான சிசிரிஸில் ஒன்றின் கடன் ஏறும் முன் மற்றது பாஸாகிவிடும். இதற்கெல்லாம் ஆலோசகர் என்று அட்டை அடித்துக்கொண்டு ஆள் இருக்கிறார்கள்.

இதில் மாட்டினால் 420 மட்டும் வராது, பொய்ப் பத்திரத்தை அசல் என்று காட்டியதற்கு 471உம் சேர்ந்து வரும். தவணையை ஒழுங்காகக் கட்டி வருகிறேனே, அப்புறம் எப்படி மோசடி என்று கேட்பார்கள். மோசடி நடந்து முடிந்தது கையெழுத்துப் போட்ட அன்று. பொய்யைக் காட்டிப் பணத்தை வாங்கிய நிமிடமே குற்றம் நிறைந்துவிட்டது. தவணை கட்டியது நஷ்டத்தைக் குறைக்கும், அதனால் தண்டனைப் பேச்சில் உதவும், அவ்வளவுதான்.

புதுக்காடி_ராஜா
ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன். காடி (கார்) லோனுக்காகச் சம்பளச் சீட்டில் ஓவர்டைமைக் கொஞ்சம் ஏற்றிப் போட்டிருந்தால்?

காப்பி_ஓ
நண்பரை இந்த இழையில் எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள் ராஜா.

செந்தூல்_அக்கா
தொகை குறைவாக இருந்தால் தண்டனையும் குறைவு என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். 18,600 சின்னத் தொகைதானே, குறைந்த அளவு 1 வருடத்தோடு முடியும் என்கிறார். அப்படியா?

பழைய_துபாஷி
தொகை ஒரு கணக்கு, ஆனால் முதல் கணக்கு இல்லை. நான் வாய் திறந்து மொழிபெயர்த்த இரண்டு கேஸைச் சொல்கிறேன், ஆள் அடையாளம் இல்லாமல்.

ஒருவர் நண்பரிடம் 40,000 வெள்ளி, தொழில் கடன் வாங்கித் தருகிறேன் என்று. வயது நாற்பதுக்கு மேல், முன்னால் ஒரு குற்றமும் கிடையாது. கேஸ் முதல் தடவை கூப்பிட்ட அன்றே ஒப்புக்கொண்டார், அதற்கும் முன்பே முழுப் பணமும் கட்டி முடித்து நண்பர் கையெழுத்துப் போட்ட கடிதம் லாயர் பையில் இருந்தது. குறைந்தபட்சத்துக்குப் பக்கத்திலேயே முடிந்தது.

இன்னொருவன் வெறும் 3,000. ஆனால் அது ஐந்து பேரிடம், ஆளுக்கு 600. ஐந்து பேரும் புருஷனை இழந்த தோட்டத்துப் பெண்கள். கோயில் கமிட்டியில் இருக்கிறேன் என்று சொல்லிப் பழகியிருக்கிறான். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பென்ஷனில் வாழ்கிறவர்கள். மாஜிஸ்திரேட் டிபிபியைப் பார்த்து, அந்தப் பென்ஷன் மாதம் எவ்வளவு என்று கேட்டார். டிபிபி ஒரு தொகையைச் சொன்னார். அதைத் தன் நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டார், நான் பார்த்தேன். பழைய ரெக்கோர்டும் இருந்தது, அதே 420. அவனுக்குக் கிடைத்தது 40,000 காரரைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

ஆக யாரை ஏமாற்றினாய், எத்தனை பேர், எத்தனை நாள், நம்பிக்கையை எப்படிச் சம்பாதித்தாய், முன்பே செய்தவனா, எப்போது ஒப்புக்கொண்டாய், எவ்வளவு திருப்பினாய், எல்லாம் வருகிறது. இந்த மாதிரிக் குற்றம் இப்போது ஊரெல்லாம் பெருகிவிட்டது என்று டிபிபி எழுந்து சொல்வார், அதுவும் எடையில் ஏறும். உங்கள் தம்பிக்கு இரண்டாவது ஆளுக்கு அப்புறமும் நிறுத்தவில்லை என்பது பாரம். அதை மறைக்க முடியாது, தேதி எல்லாம் சம்பவ அறிக்கையில் இருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ்_குமாஸ்தா
ஐயா சொன்னதற்குப் பின்னால் பழைய தீர்ப்புகள் இருக்கின்றன. 1976இல் லூ சூன் ஃபாட் வழக்கில் நீதிபதி ஹாஷிம் இயோப் சானி, தண்டனையில் முதலில் பார்க்க வேண்டியது பொது நலன் என்றார். டிபிபிகளுக்கு அது தேவாரம் மாதிரி, எழுந்தவுடன் பாடுவார்கள். 1981இல் ஜாஃபா டாவுட் வழக்கில் நீதிபதி முகமட் அஸ்மி வேறொன்றைச் சொன்னார்: சட்டப்படியான தண்டனை என்றால் பிரிவில் போட்ட எல்லைக்குள் இருந்தால் மட்டும் போதாது, நிலைபெற்ற நீதி நெறிகளின்படி எடை போட்டதாகவும் இருக்க வேண்டும், முதல் தடவை குற்றம் செய்தவரா என்பது அதில் முக்கியம். எதிர்த்தரப்பு லாயர்கள் இதைப் பாடுவார்கள். ஒரே காலையில் இரண்டு பாட்டும் கேட்கலாம்.

ஒப்புதலுக்குச் சலுகை மூன்றில் ஒரு பங்கு என்று பேச்சு. அது வழக்கம், உரிமை இல்லை. முதல் நாளே ஒப்புக்கொண்டவனுக்கும், சாட்சி எல்லாம் வந்து சொல்லி முடித்தபின் ஒப்புக்கொண்டவனுக்கும் ஒரே சலுகை கிடையாது. அக்கா தம்பிக்கு அடுத்த மாதம் நல்ல நேரம். பிறகு போகப் போகத் தேயும்.

இன்னொன்று, பலர் குழப்பிக்கொள்வது. 172சி, 172டி என்று பேரம் பேசி ஒப்புக்கொள்ளும் முறை இருக்கிறது. அதில் போனால் அதிகபட்சத் தண்டனையில் பாதிக்கு மேல் கொடுக்க முடியாது. கேட்க நன்றாக இருக்கிறது. 420இல் அதிகபட்சம் 10, பாதி 5. மாஜிஸ்திரேட் ஏற்கெனவே 5க்கு மேல் போக மாட்டார். அடிமட்டம் 1 வருடம் அப்படியேதான். உங்கள் கேஸில் அந்தக் கதவைத் திறந்தால் உள்ளே அதே அறைதான். யாராவது பேரம் பேசித் தருகிறேன் என்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கடன் ஏஜெண்டிடம் இருந்து தப்பித்தவர்கள் கேஸ் ஏஜெண்டிடம் மாட்டுவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

காப்பி_ஓ
பிரம்படி பற்றி அக்கா கேட்டதற்கு யாரும் விவரமாகப் பதில் சொல்லவில்லை. பெண்களுக்குக் கிடையாது. 50 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் கிடையாது, சில பாலியல் குற்றங்கள் தவிர. 27 என்றால் உண்டு. 420க்குப் பெரும்பாலும் பேப்பரில் பார்ப்பது 1 அடி. மோசடி மாதிரிக் குற்றங்களுக்கு மெல்லிய பிரம்பு, கொள்ளைக்காரனுக்கு அடிக்கும் தடிப் பிரம்பு இல்லை. டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அடிப்பார்கள். என் மாமன் மகன் அனுபவஸ்தன். அடியைவிட முறை வரும் வரை காத்திருந்ததுதான் என்றான், மேலே கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

பழைய_துபாஷி
மூன்று குற்றச்சாட்டு இருப்பதால் ஒன்று சொல்லி வைக்கிறேன், அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். தண்டனையை ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாகப் படிப்பார்கள். முதலாவதுக்கு இத்தனை மாதம், இரண்டாவதுக்கு இத்தனை, மூன்றாவதுக்கு இத்தனை. கடைசியில்தான் 'செரெந்தாக்' என்ற ஒரு சொல் வரும், ஏககாலத்தில் என்று அர்த்தம், மூன்றும் ஒன்றாக ஓடும். வரிசையாக ஓடுவதானால் வேறு சொல். அந்தச் சொல் வரும் முன்பே பின் பெஞ்சில் தாய்மார்கள் கூட்டிப் பார்த்துவிடுவார்கள். ஒருமுறை ஒரு அம்மா அப்படிக் கூட்டிப் பார்த்து மயங்கி விழுந்தார். அதன் பிறகு நான் என்ன செய்வேன் என்றால், மாஜிஸ்திரேட் முழுவதும் படித்து முடிக்கும் வரை பொறுத்திருந்து, தமிழில் "மூன்றும் ஏககாலத்தில்" என்று முதலில் சொல்லிவிட்டு எண்ணிக்கையைப் பிறகு சொல்வேன். முறைப்படி அது தப்பாக இருக்கலாம். யாரும் கேட்டதில்லை.

ஜெயில் ஏககாலத்தில் ஓடும், பிரம்படி ஓடாது. அது கூட்டல்தான்.

பிரிக்பீல்ட்ஸ்_குமாஸ்தா
கணக்கு முடித்துவிடுகிறேன். தண்டனை சொன்ன நாளில் இருந்து ஓடும், கோர்ட்டு வேறு மாதிரி சொல்லாவிட்டால். பிடிபட்ட நாளில் இருந்தே உள்ளே இருப்பவர்களுக்கு அந்தத் தேதியில் இருந்து கேட்பார்கள், ஜாமீனில் இருப்பவருக்கு அந்தப் பேச்சு இல்லை. உள்ளே நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். 18 மாதம் என்றால் 12.

அப்பீல் போக 14 நாள். ஆனால் யோசித்துப் போங்கள். ஹை கோர்ட்டு நீதிபதி, நானாக இருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பேன் என்று பார்க்க மாட்டார். கீழே தவறு நடந்ததா, வெளிப்படையாகவே அதிகமா குறைவா என்றுதான் பார்ப்பார். டிபிபியும் கூட்டச் சொல்லி அப்பீல் போடலாம். குறைக்கப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

ரொட்டி_வேன்
அக்கா, ஒன்று கேட்கிறேன். அந்த 7,500 யாருடையது?

செந்தூல்_அக்கா
ஒரு வயதான அம்மா, அண்ணே. பேரன் காலேஜுக்காம். தாமான் (குடியிருப்பு) ஒன்றில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கடை போடுகிறவர்.

ரொட்டி_வேன்
முதலில் அவருக்குக் கொடுங்கள். மற்ற இரண்டும் அப்புறம்.

செந்தூல்_அக்கா
லாயர் வேறு மாதிரி சொன்னார். இரண்டு பேருக்கு முழுதாகக் கட்டி இரண்டு ரசீது வாங்கினால் கோர்ட்டில் பார்க்க நன்றாக இருக்கும் என்றார். வளையலுக்கும் என் சேமிப்புக்கும் சேர்த்து 14,100தான் வந்தது. என்ன செய்வது என்று தெரியவில்லை.

(ஐந்து வாரம் கழித்து)

செந்தூல்_அக்கா
முடிந்தது. எழுத ஒரு வாரம் ஆனது.

லாயர் சொன்னபடிதான் செய்தோம் அண்ணே. 6,200, 4,900 இரண்டும் முழுதாக. நாசி லெமாக் அம்மாவுக்கு 3,000, டிராஃப்டில். ரொட்டி வேன் அண்ணன் என்னைத் திட்டலாம்.

காலை 9 மணிக்குப் போனோம், கூப்பிட்டபோது 11:40. துபாஷி ஐயா சொன்னது போலவே ஒவ்வொன்றாக நடந்தது, விளைவு தெரியுமா என்ற கேள்வி உட்பட. தம்பி தெரியும் என்றான். லாயர் ரசீதுகளைக் கொடுத்தார், வயது, முதல் குற்றம், முதலாளி ஓடிவிட்டது எல்லாம் சொன்னார். டிபிபி எழுந்து பெருகிவிட்டது என்றார். அப்புறம், புகார்தாரர் ஒருவர் பேச விரும்புகிறார் என்றார்.

அந்த அம்மா வந்து நின்றார். கைத்தறிச் சேலை, கையில் பிளாஸ்டிக் பை. தமிழில் பேசினார், துபாஷி மலாயில் சொன்னார். பேரன் ஒரு செமஸ்டரை விட்டுவிட்டான் என்றார். 3,000 வந்தது, நன்றி என்றார். மாஜிஸ்திரேட்டைப் பார்த்து அல்ல, எங்கள் அம்மாவைப் பார்த்து. பிறகு, "இந்தப் பையன் என்னைத் தினமும் சாப்பிட்டீங்களா பாட்டி என்று கேட்பான், அதற்காகத்தான் நான் பணம் போட்டேன்" என்றார். தம்பி அதுவரை நேராக நின்றான், அப்போதுதான் தலை குனிந்தான்.

முதல் இரண்டுக்கும் 13 மாதம், 1 அடி. மூன்றாவதுக்கு 18 மாதம், 1 அடி. ஏககாலத்தில். மீதி 4,500ஐ அந்த அம்மாவுக்குக் கட்ட வேண்டும் என்று உத்தரவு. அப்பீல் வேண்டாம் என்று தம்பியே சொல்லிவிட்டான். அம்மா கூட்டிப் பார்க்கவில்லை ஐயா, நீங்கள் சொன்னதை வீட்டிலேயே இரண்டு தடவை சொல்லிக் கூட்டிப் போனேன்.

பழைய_துபாஷி
தகவலுக்கு நன்றி அம்மா. மூன்றாவது மட்டும் ஏன் கூடியது என்பது உங்களுக்கே தெரியும். சிறையில் பார்க்கப் போகும்போது ஐசி மறக்காதீர்கள், பாதி வழியில் திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரொட்டி_வேன்
அந்தப் பாட்டியை டிபிபி தானாகக் கூப்பிட்டாரா, இல்லை அவர் கேட்டாரா?

செந்தூல்_அக்கா
அவரே கேட்டாராம் அண்ணே. பேரன் எங்கோ படித்துவிட்டுச் சொல்லியிருக்கிறான், ஐஓவுக்கு மூன்று தடவை போன் போட்டார்களாம்.

ரொட்டி_வேன்
மூன்று தடவை. நான் ஒரு தடவைதான் போட்டேன், கேஸ் முடிந்த பிறகு.

அந்த 4,500 கட்டி முடித்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள் அக்கா.